கௌளியப்பர் இருக்கையில் இருக்கிறார்

ஒரு காட்டில், தெற்குமலை அடிவாரத்து ஓடைக்கரையில், ஒரு மருதமரம் நின்றது. காடு என்றதும் சிங்கம் எங்கே என்று தேடாதீர்கள். சிங்கராஜா ஆண்டதெல்லாம் படம் போட்ட புத்தகங்களில். இந்தக் காட்டை ஆண்டது ஓர் அலுவலகம். 'வன உயிர் நல இயக்குநரகம்' என்று அதற்குப் பெயர். ராஜா என்றால் ஒரே வாயில் இரையாகிவிட்டு நிம்மதியாகப் போய்ச் சேரலாம். அலுவலகம் என்றால் இரையாவதற்கும் மூன்று பிரதி எழுதிக் கொடுக்க வேண்டும்.

மருதமரத்துப் பொந்தில் கொசுத்தேனீக்கள் நாலாயிரம் பேர் குடியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு கொசு அளவுதான் இருப்பார்கள். கொட்டத் தெரியாது; கொட்டுவதற்குக் கொடுக்கே கிடையாது. கொடுக்கை மறந்த ஆண்டவன் அதற்கு ஈடாக அவர்களுக்குப் பிசின் வேலையைக் கற்றுக் கொடுத்திருந்தான். வேங்கை, குங்கிலியம், மா, முந்திரி என்று எந்த மரத்தில் அடிபட்டுப் பால் கசிந்தாலும் அங்கே போய் நிற்பார்கள். சுரண்டி, உருட்டி, பின்னங்காலில் ஒட்டவைத்துக்கொண்டு வந்து, மெழுகோடு சேர்த்துப் பிசைந்து கூட்டுக்குள் பூசுவார்கள். விரிசலா, பிசின். ஓட்டையா, பிசின். மழைத்தண்ணீர், எறும்பு, பூஞ்சை எதுவும் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது. ஏதாவது வண்டோ பூரானோ தப்பித்தவறி உள்ளே வந்து செத்துப்போனால், தூக்கி வெளியே போட அவர்களுக்குத் தெம்பு போதாது. அதனால் அதன் மேலும் பிசினைப் பூசி அப்படியே விட்டுவிடுவார்கள். அழுகாது, நாறாது. அந்தக் கூட்டின் மூலையில் இரண்டு வண்டும் ஒரு மரவட்டையும் பல வருஷமாகப் பளபளவென்று உட்கார்ந்திருந்தன. குஞ்சுகளுக்கு அவை வேடிக்கைப் பொருள்.

இந்தப் பிசின் வேலையில் குங்கிலிதான் கெட்டிக்காரி. ஒரு நடைக்கு மற்றவர்கள் கொண்டுவருவதைப்போல ஒன்றரைப் பங்கு கொண்டுவருவாள். அவளிடம் ஒரே ஒரு பிரச்சினை. ஓட்டையைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. தன்னுடையதா, பிறத்தியாருடையதா என்றெல்லாம் பார்க்கமாட்டாள். ஒருமுறை மரங்கொத்தி பாதி வேலையில் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பி வருவதற்குள் அது கொத்திய குழியை மூடிவிட்டாள். மரங்கொத்தி புகார் எழுதிக் கொடுத்தது. அந்தப் புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. காட்டில் தண்டோரா போடுகிற மாடசாமி கரடிதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், தேனீப் பிசினைச் சப்பினால் தொண்டைப்புண் ஆறுகிறது என்று சொல்லித் தொலைத்தார். தண்டோராக்காரர் சொன்னால் ரகசியமாகவா இருக்கும்? மறுவாரமே இயக்குநரகம் 'பிசின் சேகரிப்புத் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கியது. மருதமரத்துக்கு ஒரு வலை வந்தது. நாரால் பின்னிய வலை, அதில் ஆயிரம் கீறல். அதைப் பொந்துக்குள் தொங்கவிட்டால் தேனீக்கள் சும்மா இருப்பார்களா? பத்து நாளில் அத்தனை கீறலையும் அடைத்துவிடுவார்கள். அதிகாரிகள் வலையைக் கழற்றி, ஓடையின் சில்லென்ற தண்ணீரில் முக்கி, முறுக்கினால் பிசின் பொரிபொரியாக உதிரும். வெறும் வலை திரும்பப் பொந்துக்கு வரும். தேனீக்கள் திரும்ப அடைப்பார்கள். குறையைக் காட்டியே வேலை வாங்குவது எப்படி என்பதை இந்த இயக்குநரகத்திடம்தான் கற்க வேண்டும்.

வலையைப் போட்டெடுப்பதற்காக மரத்தின் இடுப்பில் ஒரு பெரிய ஓட்டையும் போட்டார்கள். 'ஆய்வுப் பாதை. அடைக்கக் கூடாது. மீறினால் குடியிருப்புச் சான்று ரத்து' என்று பக்கத்தில் ஓர் அறிவிப்பு. குடியிருப்புச் சான்று போனால் மரம் போகும்; மரம் போனால் நாலாயிரம் பேரும் நடுக்காட்டில். அதனால் யாரும் ஓட்டையைத் தொடவில்லை. குங்கிலி மட்டும் அதைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பறந்தாள். அந்த ஓட்டை வந்த நாளிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இது மிகையில்லை. தைக்கத் தெரிந்தவளுக்கு எதிரே ஒருவர் கிழிந்த சட்டையோடு தினமும் வந்து நின்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவளுக்கு.

திட்டத்துக்கு ஆய்வாளராக நியமிக்கப்பட்டவர் கௌளியப்பர். பல்லி. பல்லி சொன்னது பலிக்கும் என்று ஊர் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்தது. அதற்குமேல் முத்திரையும் கையில் கொடுத்தால் கேட்கவா வேண்டும்? பிசின் வேண்டுமென்றால் யாராக இருந்தாலும் அவருக்கு விண்ணப்பிக்க வேண்டும். குமாஸ்தா சம்புலிங்கம் நரி விண்ணப்பத்தை உரக்க வாசிப்பார். கேட்டுவிட்டு ஆய்வாளர் "ச்சு" என்றால் விண்ணப்பம் திரும்பிப் போகும். மூன்று நாளுக்குள் "ச்சு" வராவிட்டால் ஒப்புதல் ஆனதாகக் கொள்ளலாம் என்று விதியில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை யாரும் பயன்படுத்தியது கிடையாது. சம்புலிங்கம் தொண்டையைச் செருமும்போதே "ச்சு" வந்துவிடும்.

மாடசாமி கரடியின் விண்ணப்பமே பதினோரு முறை திரும்பியிருந்தது. தண்டோரா போட்டுப் போட்டு அவர் தொண்டை அடியோடு போய்விட்டது. இப்போது வெறும் காற்றுதான் வந்தது. 'தன் குரல் போய்விட்டதை விண்ணப்பதாரர் நேரில் வந்து உரத்த குரலில் உறுதிசெய்ய வேண்டும்' என்று கடைசியாக எழுதித் திருப்பியிருந்தார்கள். கரடி அதை வாசித்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து அழுதார். அழுகையும் சத்தமில்லாமல்தான் வந்தது.

கௌளியப்பர் மாதத்துக்கு ஒருமுறை மருதமரத்துக்கு ஆய்வுக்கு வருவார். பிசின் தரமாக இருக்கிறதா என்று பார்க்க, பிசின் செய்தவர்களில் மூன்று பேரை மாதிரிக்கு எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொள்வது என்றால் தின்பது. பேர் எழுதிய பட்டியல் ஒருவாரம் முன்பே வந்துவிடும். பட்டியலில் இருப்பவர் தானே நேரில் ஆஜராக வேண்டும். வராவிட்டால் அவருக்குப் பதிலாக முப்பது பேர். கொடுக்கில்லாத சாதி என்ன செய்யும்? பேர் வந்தவள் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு, கால் கை கழுவிக்கொண்டு போய் நிற்பாள்.

சித்திரை மாதப் பட்டியலில் மூன்றாவது பேர் வடிவு.

நாலாயிரம் பேரும் ஒரு தாய் பிள்ளைகள்தான். ஆனாலும் வடிவு குங்கிலிக்குப் பக்கத்து அறையில் பிறந்தவள்; ஒரே நாளில் இருவரும் மூடியைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தவர்கள். குங்கிலி உலகத்தில் முதன்முதலாகப் பார்த்தது வடிவின் முகத்தை. பட்டியலை அவள் மூன்று முறை வாசித்தாள். மூன்று முறையும் அதே பேர்தான் இருந்தது.

"அழாதட்டி," என்றாள் வடிவு. "எனக்கென்ன கலியாணமா, காட்சியா? முடிக்க வேண்டிய வேலை ஒண்ணும் இல்ல. வடக்குச் செவத்துல ஒரு விரிசல் பாதியில நிக்கி. அத மட்டும் பாத்துக்கோ."

"நான் வேணா ஒனக்குப் பதிலா போறேன்."

"அதுக்குப் படிவம் எழுதணும். மூணு மாசம் ஆகும். அதுக்குள்ள அவரு வயித்துல நான் செரிச்சே போயிருவேன்."

ஆய்வு நாள் வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. கௌளியப்பர் ஆய்வுப் பாதை வழியாக உள்ளே வந்தார். கழுத்தில் வருகைப் பதிவுக் கருவி தொங்கியது. அலுவலர்கள் வேலை நேரத்தில் வேலையிடத்தில் இருக்கிறார்களா என்று பார்க்க இயக்குநரகம் கொடுத்த கருவி அது. விரலை வைத்தால் 'நன்றி, உங்கள் வருகை பதிவாயிற்று' என்று ஒரு பெண்குரல் சொல்லும். கௌளியப்பர் அதைக் கழற்றி எதிரே வைத்து விரலை ஒற்றினார். கருவி நன்றி சொன்னது. பிறகு முதல் மாதிரியைத் தின்றார். கண்ணை நாக்கால் ஒருமுறை துடைத்துக்கொண்டார். பல்லிக்கு இமை கிடையாது, நாக்குதான் துடைப்பான். இரண்டாவது மாதிரியையும் தின்றார்.

"வடிவு," என்று பட்டியலைப் பார்த்தார்.

"இங்கனதான் நிக்கேன் ஐயா."

"நில்லு. காலையிலயே ரெண்டு ஆய்வு முடிச்சிட்டு வாரேன். வயிறு திம்முனு இருக்கு. ஒரு கண் அசந்துட்டு வந்து பாக்குதேன். ஓடிராத."

"எங்கய்யா ஓட? வீடே இதுதான்."

உள்ளே புழுக்கமாக இருந்ததால் அவர் தன் உடம்பை ஆய்வுப் பாதைக்குள்ளேயே நுழைத்து, தலையைக் காற்றாட வெளியே வைத்துப் படுத்தார். உண்ட வயிறு ஓட்டைக்குச் சரியாகப் பொருந்தியது. கருவியையும் இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்; முன்னங்கால் அதன் மேல் கிடந்தது. கண் திறந்தபடியே இருக்க, குறட்டை மட்டும் வந்தது. வாய் மெல்ல மெல்லத் திறந்தது.

அந்த நேரம் பார்த்து வேங்கை மரத்திலிருந்து குங்கிலி திரும்பி வந்தாள். இரண்டு காலிலும் பிசின், நல்ல சிவப்புப் பிசின், இன்னும் இளஞ்சூடு ஆறாதது. ஆய்வாளரின் தலைக்கு எதிரே வந்து நின்றுவிட்டாள்.

அவள் கொலை செய்ய நினைக்கவில்லை. இதை எந்த விசாரணைக் கமிஷன் முன்னாலும் வந்து நான் சொல்லத் தயார். வடிவை எண்ணி அவள் நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது உண்மை. ஆனால் அந்தக் கணத்தில் அவள் கண்ணுக்கு வடிவும் தெரியவில்லை, ஆய்வாளரும் தெரியவில்லை. ஓர் ஓட்டை தெரிந்தது. திறந்து கிடந்தது. காற்று உள்ளே போய்வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அறிவிப்பு எதுவும் இல்லை.

பூசிவிட்டாள்.

அடைத்தால் முழுசாக அடைக்க வேண்டும் என்பது அவள் வளர்ந்த விதம். மேலே இன்னும் இரண்டு சின்ன ஓட்டைகள் இருந்தன. அவற்றையும் அடைத்தாள். ஓரங்களைக் கால்நுனியால் வழித்துச் சமன்செய்து, சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். வேலை சுத்தமாக வந்திருந்தது. ஆய்வாளரின் வால் இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை ஆடிவிட்டு நின்றது.

மெழுகில் கட்டிய வாசல் குழாய் வழியே உள்ளே இருந்து வடிவு ஓடிவந்தாள். "ஏட்டி, குறட்டை நின்னு போச்சே. என்ன செஞ்ச?"

"ஓட்டை கெடந்துச்சு. அடைச்சேன்," என்றாள் குங்கிலி. சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன செய்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

விஷயம் ராணியம்மாவின் காதுக்குப் போனது. ராணியம்மா முட்டையிட்டுக்கொண்டிருந்தாள், அந்த அம்மாளுக்கு வேறு பொழுது ஏது? ஒரு முட்டைக்கும் அடுத்த முட்டைக்கும் நடுவில் கேட்டாள்.

"தூக்கி வெளிய போட முடியுமா?"

"முடியாது தாயி. கரடி வந்தாத்தான் தூக்க முடியும்."

"அப்பம் பூசுங்க. உள்ள வந்து செத்தா பூசணும். நம்ம வழக்கம் அதுதானே. வண்டுக்கு ஒரு ஞாயம், ஆபீசருக்கு ஒரு ஞாயமா?"

பொழுது சாய்வதற்குள் நாலாயிரம் பேரும் சேர்ந்து பூசி முடித்தார்கள். மூக்கிலிருந்து வால்நுனி வரை, விரலிடுக்கு வரை, ஒரு மயிரிழைகூட விடவில்லை. வயிற்றைச் சுற்றி ஓட்டையோடு வைத்துப் பூசிய இடத்தில் குங்கிலியே நின்றாள். அந்தப் பாழாய்ப்போன ஓட்டை அடைபட்டுவிட்டது. விதியையும் யாரும் மீறவில்லை. பாதையை யாரும் அடைக்கவில்லை, ஆய்வாளர் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்று குங்கிலிக்குச் சாப்பாடு இறங்கியது. அது அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

கருவி மேல் கிடந்த விரலை மட்டும் எடுக்க முடியவில்லை. சேர்த்தே பூசிவிட்டார்கள். மணிக்கு ஒருமுறை அது, 'நன்றி, உங்கள் வருகை பதிவாயிற்று' என்றது.

ஆய்வுக்குப் போன ஆய்வாளர் திரும்பவில்லை என்றதும், மறுநாள் காலை சம்புலிங்கம் நரி கோப்புக் கட்டோடு மருதமரத்துக்கே வந்தார். ஆய்வாளர் வழக்கமாகப் பதினோரு மணிக்கு மேல்தான் இருக்கைக்கு வருவார். இன்று எட்டு மணிக்கே ஓட்டையில் தலையை நீட்டி, கண் இமைக்காமல் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனி வெயிலில் தேன்நிறமாக மின்னியது. கண் ஈரமாகப் பளபளத்தது.

"வணக்கம் ஐயா," என்றார் சம்புலிங்கம்.

பதில் இல்லை. அது புதிதில்லை. கௌளியப்பர் உயிரோடு இருந்தபோதும் வணக்கத்துக்குப் பதில் சொன்னதில்லை.

சம்புலிங்கம் விண்ணப்பங்களை வாசித்தார். முதல் விண்ணப்பம், அணிலுக்குக் கால்காயம். "ச்சு" வரவில்லை. இரண்டாவது, முள்ளம்பன்றிக்குப் பல்வலி. வரவில்லை. மூன்றாவது, மாடசாமி கரடியின் பன்னிரண்டாவது விண்ணப்பம். அதைக் கண்டாலே ஆய்வாளருக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்கும் வரவில்லை. சம்புலிங்கம் தலையைத் தூக்கிப் பார்த்தார். மரப்பட்டையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்ற குங்கிலியைப் பார்த்தார்.

"என்னம்மா, ஐயா ஒண்ணும் பேசமாட்டேங்காரு?"

குங்கிலி ஆய்வாளரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "யோசிக்காரு சார்."

"யோசிக்காரா?" சம்புலிங்கத்துக்கு அதுதான் பயமாக இருந்தது. பதினான்கு வருஷச் சர்வீசில் எந்த ஆய்வாளரும் யோசித்து அவர் பார்த்ததில்லை. கையிலிருந்த முள்ளம்பன்றி முள் பேனாவால் ஆய்வாளரின் தலையில் மெதுவாக, மரியாதையாக, ஒருமுறை தட்டினார்.

டொக் என்றது.

சம்புலிங்கம் பேனாவைப் பார்த்தார். ஆய்வாளரைப் பார்த்தார். குங்கிலியை வெகுநேரம் பார்த்தார். அவளுக்கு நாலாயிரம் பேரும் நடுக்காட்டில் நிற்பது கண்முன்னே வந்து போனது. பிறகு அவர் நாட்குறிப்பைத் திறந்து, 'ஆய்வாளர் இருக்கையில் இருக்கிறார். நலம்' என்று எழுதி மூடினார். 'நன்றி, உங்கள் வருகை பதிவாயிற்று' என்றது கருவி.

மூன்று நாள் கழிந்தது. "ச்சு" வரவில்லை. விதிப்படி அத்தனை விண்ணப்பமும் ஒப்புதல் ஆனது.

அடுத்து நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். அணிலின் கால் ஆறியது. முள்ளம்பன்றியின் பல்வலி நின்றது. மாடசாமி கரடி கோலிக்குண்டு அளவு பிசினை நாலு நாள் வாயில் அடக்கிவைத்திருந்தார். ஐந்தாம் நாள் காலையில் கொட்டாவி விட்டபோது சத்தம் வந்தது. மனிதராக இருந்தால் கும்பிட்டிருப்பார், கரடியானதால் ஆடினார். ஆடி முடித்து, தண்டோராத் தப்பைத் தூக்கிக்கொண்டு காடு முழுக்கப் போய், "இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், நம்ம கௌளியப்பர் ஐயா மனசு மாறிட்டாரு, யாரையும் திருப்பி அனுப்புறதில்ல," என்று அடித்தார்.

மருதமரத்தடியில் வரிசை நின்றது. முயல், மிளாமான், கீரி, வரிசையில் நிற்பதற்கென்றே பிறந்த எறும்புகள். எல்லோரும் ஆய்வாளரை அண்ணாந்து பார்த்துப் பேசிக்கொண்டார்கள்.

"மத்தியானம் சாப்பிடக்கூடப் போறதில்லையாம்."

"ஒருத்தரையும் கடிஞ்சு ஒரு வார்த்தை சொல்றதில்ல."

"நான் அரைமணி நேரம் என் வீட்டுப் பிரச்சினையெல்லாம் சொன்னேன். முழுசாக் கேட்டாரு. என் வீட்டுக்காரர்கூட அப்பிடிக் கேட்டதில்ல," என்றது ஒரு மிளா.

மாதிரிப் பட்டியலும் நின்றுவிட்டது. வைகாசி போனது, ஆனி போனது, யாரும் தின்னப்படவில்லை. பேர் வருமோ என்ற பயமில்லாததால் தேனீக்களுக்கு வேலை இரண்டு மடங்கு ஓடியது. பத்து நாள் வலையை நாலு நாளில் அடைத்து, நுனியை வாசல் குழாய் வழியே வெளியே நீட்டினார்கள்; சம்புலிங்கம் இழுத்துக்கொண்டார். வடிவு அந்த வடக்குச் சுவர் விரிசலைத் தானே முடித்தாள்.

குங்கிலிக்கு மட்டும் ஒரு வேலை கூடியிருந்தது. தினமும் காலையில் ஆய்வாளரைச் சுற்றிப் பறந்து பார்ப்பாள். வெயிலில் முழங்கையில் கீறல் விட்டால் உடனே அடைப்பாள். கண்ணில் தூசி படிந்தால் துடைப்பாள். எண்ணிப் பார்த்தால் அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. உயிரோடு இருந்தபோது அவர் நிழலைக் கண்டால் நடுங்கியவள், இப்போது அவருக்குக் காலை வணக்கம் சொன்னாள். நல்ல மனுஷன் என்று ஒருநாள் தன்னை மறந்து வடிவிடம் சொல்லவும் செய்தாள்.

"அந்த நல்ல மனுஷன் நம்ம அக்கா தங்கச்சி நாப்பத்தேழு பேரைத் தின்னவருட்டி," என்றாள் வடிவு.

"அது பழைய ஆளு."

கெட்டது தானாக வருவதில்லை. பாராட்டு அதைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறது. மாடசாமியின் தப்புச் சத்தம் மலைமேல் இருந்த தலைமை அலுவலகம்வரை கேட்டுவிட்டது. இயக்குநர் அம்மாள் ஒரு யானை. எதையும் மறக்காதவள், எதையும் நேரில் பார்க்காதவள். வருகைப் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தாள். இரவு பகல், ஞாயிறு திருவிழா என்று பாராமல் தொண்ணூற்றிரண்டு நாள் ஒருமணி விடாமல் ஓர் அலுவலர் வேலையிடத்தில் இருந்திருக்கிறார். யானையின் கண் கலங்கியது. ஆடி முதல் வாரம் விருது கொடுக்கத் தானே கிளம்பி வந்தாள்.

மேடை போட்டார்கள். வாழைமரம் கட்டினார்கள், இயக்குநர் அம்மாள் உட்கார்வதற்குள் அதில் ஒன்றைத் தின்றுவிட்டாள். மாடசாமி வரவேற்புரை ஆற்றினார். நாலாயிரம் தேனீக்களும் வாசல் குழாயில் நெருக்கியடித்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருந்தார்கள். இன்றைக்கு உடைந்தால் எல்லாம் உடைந்தது என்று குங்கிலிக்குத் தெரியும். விடியற்காலையிலேயே ஆய்வாளருக்குப் புதுசாக ஒரு பூச்சுப் பூசியிருந்தாள்.

யானை தும்பிக்கையால் பொன்னாடையை எடுத்துக் கௌளியப்பரின் கழுத்தில் போர்த்தினாள்.

"என்ன தேஜஸ்," என்றாள். "உழைக்கிறவங்க முகத்துலதான் இந்தப் பளபளப்பு வரும். ஐயா, ரெண்டு வார்த்தை பேசுங்க."

கூட்டம் காத்திருந்தது. ஓடையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். யானையின் காது ஆடுவது நின்றது. குங்கிலி வடிவின் காலைப் பற்றிக்கொண்டாள். சம்புலிங்கம் நரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'நன்றி,' என்றது கருவி. 'உங்கள் வருகை பதிவாயிற்று.'

கைதட்டல் அடங்கக் கால்மணி நேரம் ஆனது. "முப்பது வருஷத்துல எத்தனையோ ஏற்புரை கேட்டிருக்கேன்," என்றாள் இயக்குநர் அம்மாள் தழுதழுத்து. "தன்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம, வந்தவங்களுக்கு நன்றி மட்டும் சொல்லி முடிச்ச ஒரே ஆளு நீங்கதான்." அந்த உணர்ச்சியிலேயே அங்கேயே ஓர் ஆணையும் போட்டாள். கௌளியப்பர் இணை இயக்குநராகப் பதவி உயர்வு பெறுகிறார். இன்றே தன்னோடு தலைமை அலுவலகத்துக்கு வருகிறார்.

பெரிய அதிகாரி நடந்து வரக்கூடாது என்று அவளே தும்பிக்கையால் அவரைப் பற்றி இழுத்தாள். இருக்கையை விட்டு எழ அவர் எவ்வளவு தயங்குகிறார் பாருங்கள் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். மரப்பட்டையோடு பிய்த்துக்கொண்டு, பொன்னாடையோடும் கருவியோடும் கௌளியப்பர் வந்தார். யானை அவரைத் தலைமேல் வைத்துக்கொண்டு மலையேறினாள். கூட்டம் வாழ்க கோஷம் போட்டுக்கொண்டே பின்னால் போனது.

மரத்தில் ஓட்டை மறுபடி திறந்து கிடந்தது. முன்பைவிடப் பெரிதாக இருந்தது. குங்கிலி அதன் விளிம்பில் உட்கார்ந்து, நெடுநாள் உறவு ஒன்றை வழியனுப்பியவள்போல அழுதாள். அழுகையில் பாதி அவருக்காக, பாதி அந்த ஓட்டைக்காக.

சம்புலிங்கம் மட்டும் போகவில்லை. கோப்புகளை அடுக்கிக்கொண்டே, யாரிடமோ பேசுவதுபோலப் பேசினார்.

"அம்மா கெளம்பும்போதே காலியிடத்துக்கு ஆளு போட்டாச்சு. ஓணான் தொட்டிச்சாமி, கூட்டத்துலதான் நின்னாரு. நாளைக்குப் பொறுப்பேக்காரு. மாதிரி மூணு பத்தாதாம். அறுவது வேணும்னு இப்பமே எழுதிக் குடுத்துட்டாரு."

குங்கிலியின் அழுகை நின்றது. "அறுவதா?"

"பட்டியல் என்கிட்டத்தான் இருக்கு. முத பேரே குங்கிலி, ரெண்டாவது வடிவு." கோப்புக் கட்டுக்கு முடிச்சுப் போட்டார். "ஆளு கொஞ்சம் தடியான ஆளு. இந்த ஓட்டைக்குச் சரியா இருக்கும். மத்தியானம் சாப்பிட்டா ஒரு மணி நேரம் தூங்காம இருக்க முடியாது அவருக்கு."

குங்கிலி அவரையே பார்த்தாள். "சார், அன்னைக்குத் தட்டிப் பாத்தீங்களே."

"பாத்தேன்."

"பொறவு ஏன் சார் சொல்லல?"

"யாருகிட்டச் சொல்ல? இந்த மூணு மாசமா நான் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போறேன்மா. எம் பிள்ளைகளுக்கு என் முகம் பழகிட்டு." சம்புலிங்கம் கட்டைத் தோளில் போட்டார். நாலடி நடந்தவர், திரும்பாமலே சொன்னார்: "தொட்டிச்சாமி தூங்கும்போது வாயத் தொறந்துதான் வச்சிருப்பாரு. விசாரிச்சிட்டேன்."

அவர் போன பிறகு குங்கிலி எழுந்து, கால்களை உதறிக்கொண்டு, வேங்கை மரத்துக்குப் பறந்தாள். வடிவு பார்த்துக்கொண்டே இருந்தாள். குங்கிலி இரண்டு காலிலும் பெரிய பெரிய உருண்டையாகக் கொண்டுவந்து இறக்கினாள். மறுபடி போனாள், மறுபடி இறக்கினாள். ஐந்தாவது நடையில் வடிவு கேட்டேவிட்டாள்.

"இவ்வளவு பிசின் எதுக்குட்டி? கூட்டுல எங்கனயும் விரிசல் இல்லையே?"

"இன்னும் வரல்ல," என்றாள் குங்கிலி, பிசினைப் பிசைந்துகொண்டே. "நாளைக்குத்தான் பொறுப்பேக்குது."

நீதி: எந்த அலுவலகத்தில் உங்கள் வேலை மறுபேச்சில்லாமல் முடிகிறதோ, அங்கே அதிகாரியைத் தட்டிப் பார்க்காதீர்கள்.